காலி வீட்டில் இரண்டு முயல்கள்

இடுப்புக்குக் கீழே, இடது பக்கம், பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகி வைத்தது போல வலித்தது. வீட்டுக்குள் வந்ததும் தூண் சட்டையைக்கூடக் கழற்றாமல் வெறுந்தரையில் மல்லாந்து படுத்தான். அன்றைக்கு நாலு மாடி இறக்கியிருந்தார்கள். லிஃப்ட் இருந்தது. அதில் சாமான் ஏற்றக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மனிதர்களுக்கு லிஃப்ட், பீரோவுக்குத் தூண்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை இறக்கி ஏற்றுவது அவன் தொழில். ஆள் நெட்டை. மாடிப்படித் திருப்பத்தில் அலமாரியைத் தாங்கிக்கொண்டு, மற்றவன் மூச்சு வாங்கி முடிக்கும் வரை அசையாமல் நிற்பான். அதனால் தூண். அவனுடைய ஜோடிக்காரன் ரிவர்ஸ். கனமான சாமானைப் படியில் இறக்கும்போது ஒருவன் மேலே, ஒருவன் கீழே. கீழே இருப்பவன் பின்பக்கமாகவே இறங்க வேண்டும். பாரம் அவனுக்கு, பார்வை மேலே இருப்பவனுக்கு. படி இருக்கிறதா, சுவர் இடிக்குமா என்று மேலிருந்து வருகிற சொல்லை நம்பித்தான் காலை வைக்க வேண்டும். ரிவர்ஸுக்கு அப்படி இறங்கி இறங்கியே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அவன் பெண்டாட்டிகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனைத் திட்டுவாள்.

முன்பெல்லாம் தூண் இப்படித் தரையில் விழுந்ததும் இரண்டு முயல்கள் வந்துவிடும். கருப்பு தலைமாட்டுக்கு வந்து நெற்றியில் காய்ந்திருக்கும் உப்பை நக்கும். சாம்பல் அவன் விலாவோடு ஒட்டி உட்காரும். அந்தச் சின்ன உடம்பின் சூடு எந்தத் தைலத்துக்கும் குறைந்ததில்லை. இப்போது கருப்பு இல்லை. வயதாகி, ஒரு காலையில் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தது. அன்றிலிருந்து சாம்பல் கட்டிலுக்கு அடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. புல்லை வைத்தால் இரண்டு வாய் கடித்துவிட்டு விட்டுவிடுகிறது. தன் முடியைத் தானே பிடுங்கிப் பிடுங்கி நெஞ்சில் தோல் தெரிகிறது. தூக்கிப் பார்த்தால் காலிப் பை மாதிரி இருக்கிறது.

தூணின் மனைவி ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க ஆவியில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு முயலோடு கொஞ்சுகிற பொறுமையெல்லாம் கிடையாது. அன்றைக்கு அவளே கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு செத்ததுக்கே நீங்க மூணு நாள் வாய் தொறக்கல. இதுவும் போச்சுன்னா அப்புறம் நான் சுவத்துக்கிட்டதான் பேசணும். போய் ஒரு துணை பாருங்க அதுக்கு."

துணை பார்ப்பதற்குத் தூணுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். அவன் தொழிலில் ஜோடி சேர்க்கிற வழி. புது ஆள் வந்தால் முதலில் தோளைப் பார்ப்பார்கள், பிறகு தொடையை. பிறகு நேராக ஃப்ரிட்ஜில் கை வைக்கச் சொல்வார்கள். ஒரு மாடி சேர்ந்து இறங்கிவிட்டால் ஜோடி. இல்லையென்றால் மறுநாள் அவனே வர மாட்டான். ஊரும் பேரும் விசாரித்து மெல்லப் பழகுகிற வேலையெல்லாம் அங்கே இல்லை.

செல்லப்பிராணிக் கடையில் அவன் அப்படித்தான் தேர்ந்தெடுத்தான். கூண்டு கூண்டாகக் கையை விட்டு ஒவ்வொன்றின் தோளையும் பின்னங்காலையும் அழுத்திப் பார்த்தான். கூட வந்த ரிவர்ஸ், அண்ணன் முயல் வாங்குகிறாரா, உழவுக்கு மாடு பிடிக்கிறாரா என்று கடைக்காரனைக் கேட்டான். கடைசியில் ஒரு வெள்ளைக் கடா முயல் அவன் கையை உதைத்துத் தள்ளியது. அந்த உதை தூணுக்குப் பிடித்துப்போயிற்று. இளசு, பலசாலி, சாம்பலைவிட ஒரு பிடி பெரிசு. இது பக்கத்தில் இருந்தால் அதற்கும் தெம்பு வரும் என்று கணக்குப் போட்டான்.

வீட்டுக்கு வந்து வெள்ளையை நேராகச் சாம்பலின் கூண்டுக்குள் விட்டு, சாம்பலையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினான். பல நாளாக அசையாத சாம்பல் அப்போதுதான் அசைந்தது. ஒரே பாய்ச்சல். வெள்ளையின் காதைக் கவ்வியது. வெள்ளை திரும்பி அதன் தொடையில் கடித்தது. இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பம்பரமாய்ச் சுற்றின. கூண்டு முழுக்க முடி பறந்தது. தூண் கையை விட்டான், அவன் கட்டைவிரலும் கிழிந்தது. மனைவி வாளி மூடியைக் குறுக்கே சொருகிப் பிரிக்காவிட்டால் ஒன்று அங்கேயே செத்திருக்கும். அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே, நல்ல துணை பார்த்தீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளையைக் கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொண்டான். கிழிந்த காதோடு வந்த முயலுக்குக் காசு திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டான். சாம்பலைத் துண்டில் சுற்றிக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனார்கள். காயத்தைத் துடைத்து மருந்து போட்ட பெண் தூணின் கட்டைவிரலையும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டையும் எங்க விட்டீங்க?"

"வீட்டுலதாங்க. இதோட கூண்டுலயே."

"அது இவளோட வீடு. முன்னப்பின்ன தெரியாத தடியன் ஒருத்தன் உங்க வீட்டுக்குள்ள வந்து, உங்க தட்டுல கை வெச்சா நீங்க என்ன செய்வீங்க?"

தூண் நிஜமாகவே யோசித்தான். "அடிப்பேன்" என்றான்.

"அவளும் அதைத்தான் செஞ்சிருக்கா."

பிறகு அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். துணைக்குப் பலம் தேவையில்லை, குணம்தான் தேவை. இவளுக்கு இனிமேல் குதிக்கிற கடா ஒத்துவராது. விதை எடுத்த ஆண், வயதில் கொஞ்சம் மூத்தது, முட்டாமல் மோதாமல் ஒதுங்கி இருக்கத் தெரிந்தது கிடைத்தால் நல்லது. முதலில் சந்திக்கிற இடம் இரண்டுக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் விட்டுப் பார்க்க வேண்டும், பிரிக்க வேண்டும், மறுபடி விட வேண்டும். கடைசியில் முடிவு செய்வது இவள்தான், நீங்கள் இல்லை. இப்படியே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு போனால் ஒரு நாள் குடல் நின்றுவிடும், அதற்கப்புறம் என்னிடம் கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்லை என்றாள். ஊசியில்லாத சிரிஞ்சும் கூழும் கொடுத்து, வாயோரம் எப்படிப் புகட்ட வேண்டும் என்று காட்டி அனுப்பினாள். அந்த வாரக் கூலி அங்கேயே கரைந்தது, இன்னும் கொஞ்சம் பாக்கியும் நின்றது.

வீடு மாற்றுகிற வேலை மாதக் கடைசியில்தான் குவியும். அந்த மாதக் கடைசியில் ஒரு வீட்டுக்காரர் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு, போனைக் காதில் வைத்தபடியே குளியலறையைக் கையால் காட்டினார். உள்ளே ஒரு பழுப்பு முயல் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. புது வீட்டில் பிராணி வளர்க்கக் கூடாதாம். ஆபரேஷன் எல்லாம் செய்தது, வயசானது, தொந்தரவு பண்ணாது, நீங்களே எங்கேயாவது விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி போனில் பேசப் போய்விட்டார். தூண் குனிந்து கையை நீட்டினான். பழுப்பு ஓடவில்லை. உள்ளங்கைக்கு அடியில் தலையை நுழைத்துத் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

மருந்தகத்துப் பெண் சொன்ன துணை இதுதான் என்று அவனுக்குப் பட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது.

இவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வீட்டுக்காரர் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகிற பொருள் எதுவானாலும் வரிசைப்படி ஒருவருக்குப் போகும். உடைந்த நாற்காலியோ ஓடாத மிக்ஸியோ, வந்தது வந்தவனுக்கு. அடுத்தவன் முறையில் கண் வைக்கக் கூடாது. அப்படிக் கண் வைத்ததில் மண்டை உடைந்த கதைகள் இருக்கின்றன. போன முறை தூணுக்கு நல்ல மெத்தை ஒன்று விழுந்தது. கருப்பும் சாம்பலுமே பல வருஷத்துக்கு முன்னால் அப்படி விழுந்தவைதான். இந்த முறை ரிவர்ஸுடையது. அவன் முயலின் காதைப் பிடித்துத் தூக்கி எடை பார்த்தான். கிழம்தான், நேரம் எடுத்து வேகவைத்தால் ஆகும் என்று டிரைவர் அண்ணனிடம் சொல்லிவிட்டு, வாளியில் போட்டு மூடினான். வண்டியில் வழி முழுக்க அந்த வாளி தூணின் காலடியில்தான் ஆடிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் சாம்பலின் வாயோரம் கூழைப் புகட்டிக்கொண்டிருந்தாள். பாதி உள்ளே போனது, பாதி அவள் மடியில் வழிந்தது.

"பீரோ தூக்கற தோள் இருக்கு. கேக்கறதுக்கு வாய் இல்லையா?" என்றாள்.

"அவன் முறைடி அது."

"முறைதான். அவன் கொடுத்தா உங்க முறை. எந்திரிங்க, அடுப்புல ஏறறதுக்குள்ள."

ரிவர்ஸின் வீடு இரண்டு தெரு தள்ளி, சந்துக்குள் ஒற்றை அறை. தூண் போனபோது வாசலில் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் மூன்றும் வாளியைச் சுற்றிக் குந்தியிருந்தன. உள்ளே அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ரிவர்ஸின் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தூணைப் பார்த்ததும் ரிவர்ஸ் கத்தியைக் கீழே வைத்தான். என்ன விஷயம் என்று அவன் கேட்கவில்லை. சாம்பலின் கதை முழுக்க அவனுக்குத் தெரியும். வண்டியில் தூண் வாளியைப் பார்த்த பார்வையும் தெரியும்.

தூண் சொல்லி முடிக்கும் வரை ரிவர்ஸின் மனைவி கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான்.

"அண்ணே, உங்க முயலுக்குத் துணை வேணும், சரி. என் புள்ளைங்களுக்குக் கறி வேணும். கறி இன்னைக்கு உண்டுன்னு சொல்லி ஸ்கூல்ல இருந்து ஓடி வர வெச்சிருக்கேன். நீங்களே நியாயம் சொல்லுங்க, எது முதல்ல?"

"நியாயம் உன் பக்கம்தாம்மா. நான் நியாயம் பேச வரல. கேட்டு வாங்க வந்தேன்."

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். தூண் அதற்குள், அடுத்த கூலி கையில் வந்ததும் முழுக் கோழி ஒன்று வாங்கித் தருகிறேன் என்றான். எலும்பும் தோலுமான இந்தக் கிழத்தைவிட ஐந்து பேருக்கு அது தாராளமாகக் காணும் என்றான். அவள் புருஷனைப் பார்த்தாள். ரிவர்ஸ் எழுந்து, பிள்ளைகளுக்கு நடுவில் கையை விட்டு வாளியைத் தூக்கித் தூணிடம் நீட்டினான்.

"எடுத்துட்டுப் போண்ணே. உன் பேச்சை நம்பித்தானே தினம் படி இறங்கறேன்."

நடுப்பிள்ளை அழ ஆரம்பித்தது. தூண் வாளியோடு சந்திலிருந்து வெளியேறும் வரை அந்த அழுகை கேட்டது. அன்றைக்கு அந்த வீட்டில் வெங்காயத்தை வதக்கிச் சோற்றில் பிசைந்து தின்றார்கள்.

துணை கிடைத்தாகிவிட்டது, இடம் கிடைக்கவில்லை. தூணின் வீடு ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். அதில் சாம்பல் உரசாத சுவரில்லை, தாடையைத் தேய்த்து என்னுடையது என்று சொல்லாத கட்டில்காலில்லை. பழுப்பைத் தெருவோரக் குளியலறையில் தனியே வைத்தார்கள். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்துக்கு எங்கே போவது என்று தூண் தலையைச் சொறிந்தான். மனைவிக்கு எரிச்சல் வந்தது.

"தினம் காலி வீட்டுலதானே நிக்கறீங்க?"

அவள் சொன்ன பிறகுதான் அது அவன் கண்ணில் பட்டது. கடைசிச் சாமான் வண்டியில் ஏறியபின், சாவி வாங்க வீட்டுச் சொந்தக்காரர் வருகிற வரைக்கும், அந்த வீடு யாருடையதும் இல்லை. போனவர்கள் போய்விட்டார்கள். வருகிறவர்கள் வரவில்லை. நடுவில் இவர்கள்தான் சுவரில் சாய்ந்து பீடி குடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

மறுநாள் இரண்டு துணிக்கூடைகளில் இரண்டு முயல்களும் வேலைக்கு வந்தன. டிரைவர் அண்ணன் தன் வண்டி சாமான் வண்டியா, தேனிலவு வண்டியா என்று கேட்டார். கேட்டாலும் கூடைகளைத் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வெயில் படாமல் வைத்துக்கொண்டார்.

முதல் வீடு இரண்டாம் மாடி. படம் மாட்டிய இடங்கள் சுவரில் வெளுத்த சதுரங்களாகத் தெரிந்தன. பீரோ நின்ற மூலையில் ஒட்டடையும் ஒற்றை வளையலும் கிடந்தன. தூண் தரையைத் துடைத்துப் பழைய கம்பளியை விரித்தான், நடுவில் ஒரு பிடி காய்ந்த புல்லைப் போட்டான். ரிவர்ஸ் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு வாசலில் குந்தினான், சண்டை வந்தால் பிரிக்க. சாம்பல் ஒரு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தது. பழுப்பு நடுவில் உட்கார்ந்து முகம் கழுவியது, பிறகு தலையைத் தரையில் வைத்துப் படுத்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சாம்பல் திரும்பியது. வேகமாக வந்து அதன் முதுகில் ஒரு கொத்து முடியைப் பிடுங்கியது. ரிவர்ஸ் எழுந்தான். பழுப்பு ஓடவில்லை, திருப்பிக் கடிக்கவுமில்லை. தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டது.

"அடி வாங்கிட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருக்கான் பாரு. கல்யாணம் ஆனவன்தான்" என்றான் ரிவர்ஸ்.

அடுத்த வீட்டில் சாம்பல் கடிக்கவில்லை. எட்ட நின்று சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்தது. ஆனால் புல்லைத் தொடவில்லை. வீட்டில் கூழையும் துப்பியது. தூண் அதைக் கூடையில் வைக்கும்போது விலா எலும்புகளை விரலால் எண்ணிவிடலாம் போலிருந்தது. அவன் ரிவர்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. இது செத்துப்போனால் அந்தப் பிள்ளைகளின் கறியும் வீண்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இன்னொரு வீட்டில் சொந்தக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். கதவைத் திறந்தவர் நடுக்கூடத்தில் இரண்டு முயல்களையும் அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த இரண்டு தடியர்களையும் கண்டு அப்படியே நின்றார். ரிவர்ஸ் எழுந்து, இதுவும் சாமான்தான் சார், உடையற சாமான், கடைசியில்தான் ஏற்றுவோம் என்றான். அவர் நம்பினாரோ இல்லையோ, வாசலில் நின்று இரண்டு போன் பேசிவிட்டு வந்தார்.

அந்த மாதத்தின் கடைசி வேலை ஊர் ஓரத்தில் ஒரு சின்ன வீடு. ஜன்னலில் திரைகூட இல்லை, வெயில் தரை முழுக்கக் கிடந்தது. பழுப்பு வழக்கம்போல நடுவில் போய்ப் படுத்தது. சாம்பல் இந்த முறை மூலைக்குப் போகவில்லை. நேராக வந்து அதன் எதிரில் நின்றது. ரிவர்ஸ் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். சாம்பல் குனிந்தது. பழுப்பின் வெள்ளை படர்ந்த கண்ணுக்கு மேலே ஒரு முறை நக்கியது. நிறுத்தியது. யோசித்தது போல இருந்தது. பிறகு இன்னொரு முறை நக்கியது. பழுப்பு கண்ணை மூடிக்கொண்டது. அதன் பிறகு சாம்பல், வேறு வேலை இருப்பதுபோல் திரும்பி, புல்லில் ஒரு தாளை இழுத்துக் கடித்தது. இன்னொன்று. அடுத்து ஒரு கொத்தாகவே இழுத்தது. பழுப்பும் எழுந்து வந்து அதே கொத்தில் வாய் வைத்தது. காலி வீட்டில் அந்த மெல்லுகிற சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது.

"தின்னுதுடா" என்றான் தூண்.

"தெரியுதுண்ணே. கண்ணு எனக்கும் இருக்கு" என்றான் ரிவர்ஸ். வெளியே டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி கூண்டைக் கழற்றிக் கழுவி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி விரிப்பில் ரத்தக் கறையையே எடுக்கிறவளுக்கு முயல் வாடை எம்மாத்திரம். கட்டில்காலைக்கூட விடாமல் துடைத்திருந்தாள். அந்த அறையும் இப்போது யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருந்தது. இரண்டு முயல்களும் ஒரே நேரத்தில் உள்ளே போயின. சண்டை இல்லை. கொஞ்ச நாளில் சாம்பலின் நெஞ்சில் பூனைமயிர் மாதிரி புது முடி முளைத்தது.

மாதக் கடைசி முடிந்ததும் வேலை நின்றது. மாத நடுவில் யாரும் வீடு மாற்றுவதில்லை. வந்த கூலியில் மருந்தகத்துப் பாக்கி போக, வாடகை போக, அரிசிக்கே இழுபறியாக இருந்தது. ரிவர்ஸ் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது தூணுக்கு இடுப்பு வலியைவிட மோசமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு அவர்கள் வீட்டுக்குப் போனான். போகாமல் இருந்தால் இன்னும் கேவலம் என்று பட்டது.

ரிவர்ஸ் வீட்டில் இல்லை. அவன் மனைவி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் தூணின் கையைத்தான் முதலில் பார்த்தன. பிறகு விளையாடப் போய்விட்டன.

"முயல் சாப்பிடுதா அண்ணே?"

"சாப்பிடுதும்மா. ரெண்டும் ஒரே தட்டுல."

"அப்ப என் கோழி?"

அடுத்த மாதக் கடைசி வரைக்கும் பொறுக்க வேண்டும் என்று தூண் சொன்னான். அவள் சிரித்தாள். கோபமான சிரிப்பு இல்லை, சந்தோஷமும் இல்லை.

"அதுவரைக்கும் புள்ளைங்களுக்குப் பசிக்காதுன்னு சொல்லிட்டுப் போங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க."

தூண் தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஆய்ந்து ஒதுக்கிய கீரைத்தண்டுகளையும் முற்றல் இலைகளையும் ஒரு காகிதத்தில் சுருட்டி அவன் கையில் வைத்தாள். முயலுங்களுக்குப் போடுங்கள், இது நான் சும்மா தருவது, அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது என்றாள். அவன் வாங்கிக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தான். ரிவர்ஸ் வீட்டு ஐந்து பேருக்கு ஒரு முழுக் கோழி. அதை அவன் இன்னும் கொடுக்கவில்லை.